தொட்டால் தெரியும் இடம்

ஆடிக் கிருத்திகை முடிந்து, காவடிக்காரர்களும் சொந்தக்காரர்களும் ஊரைக் காலி பண்ணின பிறகு பிரபாவதி தையல் மெஷினின் கீழ் டிராயரைத் திறந்தாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைத்திருந்த அவளுடைய இடது மார்பு முளைவிட்டிருந்தது.

நிஜ மார்பு எப்போதோ போய்விட்டது. புற்றுநோய் என்று சொல்லி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்து இரண்டு வருஷம் தாண்டியாயிற்று. இது அவளே தைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சுப் பையில் எடையே இல்லை. குனிந்து துணி வெட்டிவிட்டு நிமிர்ந்தால் அது கழுத்துக்குக் கீழே வந்து நிற்கும். திருத்தணியில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் அளவெடுக்கிறவள் அப்படியா நிற்க முடியும்? எடைக்காகக் கடுகு போட்டுப் பார்த்தாள், ஒரு மூலைக்கு உருண்டு போனது. அரிசி குத்தியது. கடைசியில் கேழ்வரகுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. கைப்பிடிக் கேழ்வரகை மல் துணியில் கட்டி, மேலே பஞ்சு சுற்றி, வலது பக்கத்துக்குச் சரியாக ஒரு பை தைத்துக்கொண்டாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கிருத்திகை அன்று மலையேறும்போது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாத கூட்டம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பை ஊறிப்போய்க் கனத்தது. வீடு முழுக்க ஆட்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த நாத்தனார் புவனாவின் பட்டாளம் மொட்டைமாடிக் கொடியில் ஈரத்துணியைக் காயப்போட்டிருந்தது. அந்த வேட்டி துண்டுகளுக்கு நடுவில் இதைக் கொண்டுபோய் எப்படிக் காயப்போடுவது? கவரில் சுருட்டி டிராயருக்குள் தள்ளிவிட்டு, பழைய ஆஸ்பத்திரிப் பஞ்சுப் பையை வைத்துக்கொண்டு சமைக்கப் போனவள், அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்ட அலுப்பில் அதை மறந்தே போனாள்.

மல் துணியின் கண் கண்ணாக வெள்ளை முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரியிலிருந்து வந்த மகள் மோகனப்ரியாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு அலுத்துப்போச்சுடி," என்றாள் பிரபாவதி.

அந்த அலுப்பை யாரிடம் சொல்லி மாளும்? கதவு தட்டும்போதெல்லாம் கை தானாக முந்தானைக்குப் போனது. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் ஒன்றுமில்லை என்று இருந்ததில் முதுகு வலித்தது. குளிக்கும்போது கண்ணை மேலே வைத்துக்கொள்ளப் பழகினாள். உயிர் பிழைத்ததே பெரிசு என்று எல்லோரும் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி அதுவும் அலுத்திருந்தது. பிழைத்தது பெரிசுதான். பிழைத்தவள் பிறகு இந்த உடம்போடுதானே இருக்க வேண்டும்?

வயிற்றுச் சதையை எடுத்து மார்பாக வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தார். அப்போது, இருக்கட்டும் மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முளைவிட்ட கேழ்வரகைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம், செய்துகொள்ளப் போகிறேன் என்று புருஷனிடம் சொன்னாள்.

ஹேமநாதன் அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்குப் போகிறவன். அதிகம் பேசமாட்டான். பேசினால் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவான்.

"இனிமே யாரு பாக்கப் போறாங்க, பிரபா?" என்றான்.

ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு நீ எப்படி இருந்தாலும் சரிதான் என்கிற அர்த்தத்தில் சொன்னான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சுருக்கென்றது.

"நான் பாக்கணும்," என்றாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, எந்த மாசம் என்று சொன்னால் லீவு போட்டுவிடுகிறேன் என்று செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

புவனா அவ்வளவு லேசில் விடவில்லை. அவள் ஹேமநாதனுக்கு அக்கா. புருஷன் போன பிறகு வீட்டோடு நாலு விசைத்தறியைத் தனியாக ஓட்டி, பிள்ளைகளைக் கரையேற்றியவள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகி, ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். பஸ் ஏறி வந்து, நடு வீட்டில் உட்கார்ந்து, கத்தி பட்டு ஆறின உடம்பை மறுபடி கத்திக்குக் கொடுப்பார்களா என்று கேட்டாள். கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு தாய்க்காரிக்கு இது தேவையா என்றாள். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதற்கு இந்தப் பாடு என்றாள். பிரபாவதி ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்து முடிக்கும் வரை அத்தனையையும் கேட்டுவிட்டு, தேதி குறித்தாயிற்று அண்ணி என்றாள். புவனா காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள். அதற்கப்புறம் போனும் இல்லை.

பொங்கலுக்குப் பிறகு ஆபரேஷன் என்று ஆயிற்று. அதற்கு முன்னால் ரத்தம், சர்க்கரை, நெஞ்சு, வயிற்று ரத்தக்குழாய்க்கு ஒரு ஸ்கேன் என்று லோக்கல் ரயிலில் சென்னைக்கு நடையாய் நடந்தாள். உட்கார இடம் கிடைத்தால் தூங்கினாள், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்கினாள். பிரியாவைப் பெற்ற நாளிலிருந்து அவள் திட்டிக்கொண்டிருந்த தொப்பையை டாக்டரம்மா இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்து, தாராளமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். அவளுடைய வயிற்றை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை.

தோலோடும் கொழுப்போடும் ரத்தக்குழாயையும் சேர்த்து எடுத்து, மேலே நெஞ்சில் வைத்து, அங்கிருக்கிற குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்து இணைப்போம் என்று டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். பிரபாவதிக்கு அது புரிந்தது. ஒட்டுப் போடுகிற வேலைதானே. கீழே எடுத்த இடத்தை எப்படி மூடுவீர்கள் என்றுதான் கேட்டாள். இழுத்துத் தைத்துவிடுவோம், கொஞ்ச நாளைக்குக் கூன் போட்டுத்தான் நடப்பீர்கள் என்றார் அவர். பிறகு பேனாவை மூடிவிட்டு இன்னொன்றையும் சொன்னார்.

"இதுல ரத்தம் ஓடும், சூடா இருக்கும், பாக்க உங்க உடம்பு மாதிரியே இருக்கும். ஆனா தொட்டா தெரியாது. ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். அத நீங்க தெரிஞ்சிக்கணும்."

தலையாட்டினாள். அதை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு என்று கேட்பார்கள். ஹேமநாதன் கேட்காவிட்டாலும் புவனா கேட்பாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. தொட்டால் தெரியாதது எனக்கு எதற்கு என்று தனக்குத்தானே ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளாமல்தான் அவள் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

கிளம்புகிற அன்று வாசலில் ஆட்டோ வந்து நின்றது. புவனா ஒரு துணிப்பையோடு இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை.

"வேணாம்னு சொன்னது சொன்னதுதான். அதுக்குன்னு நீ படுத்துகினு கிடக்கும்போது இந்த வூட்ல யாரு சோறாக்குவா?" என்று சொல்லிவிட்டு நேரே சமையற்கட்டுக்குப் போனாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டரம்மா அவளை நிற்க வைத்து, மார்க்கர் பேனாவால் நெஞ்சிலும் வயிற்றிலும் கோடு போட்டார். கையைத் தொங்க விடுங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள், சாதாரணமாக நில்லுங்கள் என்றார். இருபது வருஷமாகப் பிரபாவதி மற்றவர்களுக்குச் சொல்லி வந்ததும் இதேதான். இன்றைக்கு அவளே துணியாக நின்றாள். நாளைக் காலையில் மேலுக்குத் தண்ணீர் ஊற்றும்போது கோடு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கழுத்துக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டாள்.

காலையில் உள்ளே போனவளை வெளியே கொண்டுவரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பிறகு வந்த நாட்கள் அவளுக்கு ஒரே கலங்கலாகத்தான் நினைவில் இருக்கின்றன. ஃபேன் கூடாது, ஏசி கூடாது, புழுங்கும் அறை. உடம்பிலிருந்து குழாய்கள் தொங்கின. கண்ணை மூடினால் நர்ஸ் வந்து டார்ச் அடித்து, புதிதாக வைத்ததை விரலால் அமுக்கி நிறம் பார்த்தாள். சின்ன மெஷின் ஒன்றை அதன்மேல் வைத்து உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டாள். சத்தம் வந்தால் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்புக்காகவே பிரபாவதி விழித்துக்கொண்டு கிடந்தாள். நிறம் கறுத்தால் எல்லாம் போயிற்று என்று சொல்லியிருந்தார்கள். கறுக்கவில்லை.

கட்டு மாற்றும்போது முதல் தடவை குனிந்து பார்த்தாள். நீளத் தையலுக்கு நடுவில் வெளிறின ஒரு துண்டு. காம்பு இல்லை, அது பிறகு என்றார்கள். துண்டின் ஓரத்தில் வெள்ளி வெள்ளியாக வரிகள் ஓடின. பிரியாவைச் சுமந்தபோது வயிறு வெடித்து விழுந்த வரிகள் அவை. வயிற்றில் கிடந்தது நெஞ்சுக்கு ஏறிவிட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பார்க்கப் பார்க்கப் பிடித்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மறுபடி சொன்னாள். கனம் தூக்காதீர்கள். நிமிராதீர்கள். அந்த இடத்தில் சூடு தெரியாது, வெந்நீர்ப் பை எதையும் வைத்துவிடாதீர்கள். ஹேமநாதன் மருந்து வாங்கப் போயிருந்தான். புவனா வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேட்டது பிரபாவதி ஒருத்திதான். சரி என்றாள்.

வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு காரில் வந்தாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போயிற்று. வீட்டில் தரையில் எதையோ தொலைத்துத் தேடுகிறவள்போலக் கூனிக் கூனி நடந்தாள். மல்லாந்து படுக்க முடியாது, ஒருக்களிக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துச் சாய்ந்தே கிடந்தாள். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கக்கூட ஆள் வேண்டும். தைக்க வந்த கல்யாண ஜாக்கெட்டுத் துணிகள் மெஷின் மேல் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவற்றைப் பார்த்தாலே களைப்பாக இருந்தது. பார்க்காமல் இருந்தாலும் களைப்பாகத்தான் இருந்தது.

புவனாவுக்கு இந்த ஆபரேஷனின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடிவயிற்றில் கிழித்திருக்கிறது, இடுப்பில் பெல்ட்டு கட்டியிருக்கிறது, மார்பும் வீங்கியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்து இப்படி இருப்பது ஒரே ஒரு உடம்புதான், பிள்ளை பெற்ற உடம்பு. அதனால் பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற அத்தனையும் செய்தாள். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், காதில் பஞ்சு, ஃபேனுக்குத் தடை. பார்க்க வந்தவர்களிடம் வயிற்றில் ஆபரேஷன் என்றாள். அதில் பொய்யும் இல்லை. பிள்ளை ஒன்றுதான் குறை என்று பிரியா கிண்டல் பண்ணினாள். பிரபாவதிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் தையல் இழுத்தது.

தையல் ஆறி, உடம்புக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம் என்று ஆன பிறகு புவனாதான் குளிப்பாட்டினாள். முதல் நாள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, கையில் சொம்போடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று பிரபாவதி மூச்சைப் பிடித்தாள்.

"நல்லாத்தான் ஒட்டிகினு இருக்குது," என்றாள் புவனா.

புவனா வாயிலிருந்து அது வருவதென்றால் சும்மாவா? பிரபாவதிக்கு மனசு நிறைந்துபோனது. ஆனால் அந்த நிமிஷமே புவனா அந்த மார்பின் மேல் வெந்நீர் ஊற்றினாள், கையால் தேய்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ தண்ணீர் ஊற்றுவதுபோல இருந்தது. கை போவது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர உடம்புக்குத் தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் அங்கே ஒன்றுமே இல்லை, ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததுபோலவே.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். பிரியா கல்லூரிக்கும் ஹேமநாதன் வேலைக்கும் போயிருந்தார்கள். முதுகும் தோளும் பிடித்துக்கொண்டது என்று பிரபாவதி முனகினாள். புவனா கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய கைலித்துணியில் முடிந்துகொண்டு வந்து ஒத்தடம் கொடுத்தாள். தோளில் சூடு இறங்க இறங்க, இத்தனை நாள் அலுப்பும் கரைந்து ஓடுவதுபோல இருந்தது. முன்பக்கம் வந்தபோது புவனாவின் கை நின்றது. மார்பின் கீழ்ப்பக்கத்தில் ஒரு இடம் கல்லுபோல இருந்தது. தாய்ப்பால் கட்டிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். தன் பிள்ளைகளுக்குப் பால் கட்டியபோது அவளுடைய அம்மா செய்ததும் இதேதான்.

"இங்க கட்டிகினு இருக்குது பாரு. வச்சா கரைஞ்சிடும்," என்று முடிச்சை அங்கே வைத்தாள். "சூடு தெரியுதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே ஒன்றும் தெரியாது அண்ணி, வைக்கக்கூடாது என்று சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். புவனாவின் முகம் பக்கத்தில் இருந்தது, அவ்வளவு அக்கறையாக. வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்டவள், இப்போது தன் வீட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்து இதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் இது மரம் என்று எப்படிச் சொல்வது?

"ஆங். தெரியுது அண்ணி. எதமா இருக்குது," என்றாள் பிரபாவதி.

எதமாக இருக்கிறது என்றால் புவனா இன்னும் கொஞ்சம் வைப்பாள்தானே? வைத்தாள்.

சாயங்காலம் ஜாக்கெட் நனைந்திருந்தது. பிரியா கழற்றிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கீழ்ப்பக்கம் முழுக்கக் கொப்புளம் எழும்பி, ஒன்று உடைந்து வழிந்துகொண்டிருந்தது. பிரபாவதிக்கு எரியவே இல்லை. அதைப் பார்த்து நடுங்கினது புவனாதான். என் கைக்குச் சூடு தெரியாமல் போயிற்றே, கேட்டேனே, கேட்டுக் கேட்டுத்தானே வைத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேலையிலிருந்து வந்த ஹேமநாதன் வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவைப் பார்த்துக் கத்தினான். அவள் விடியற்காலை முதல் பஸ்ஸில் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரியாதான் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். மேல்தோலோடு நின்றால் தப்பிக்கும், ஆழமாகப் போயிருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டி எடுக்க வேண்டி வரும், சில நாள் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார். சூடு தெரியாது என்று அத்தனை தடவை சொன்னோமே, வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டார். பிரபாவதி சுவரைப் பார்த்தாள். பிரியா அம்மாவைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. திருவள்ளூர் தாண்டிய பிறகு பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை உன்ன கேட்டுத்தான் வச்சாங்களாம்மா?"

"ஆங்."

"நீ இன்னா சொன்ன?"

பிரபாவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

தினம் கட்டு, தினம் மருந்து. கறுக்கிறதா, சிவக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து நாட்கள் போயின. வெட்ட வேண்டாம், பிழைத்துக்கொண்டது என்று டாக்டரம்மா சொன்னபோது பங்குனி முடிந்திருந்தது. கீழ்ப்பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு தழும்பு மட்டும் பளபளப்பாக நின்றது. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. கல்யாண ஜாக்கெட்டுகளில் பாதியை வேறு டெய்லரிடம் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் புவனாவின் பேச்சே இல்லை. எடுத்தால் ஹேமநாதனின் முகம் இறுகியது. அக்காவின் கை ராசி அப்படி என்று ஒரு தடவை சொன்னான். பிரபாவதி பேசாமல் இருந்தாள். உண்மையைச் சொன்னால் என்ன, அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பழி போகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிறகு ஒரு நாள், அத்தை சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம், தாளிக்கக்கூட வாணலியைத் தொட மாட்டேன் என்கிறாளாம் என்று பிரியா யாரிடமோ கேட்டுவந்து சொன்னாள். சொல்லிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் பிரபாவதி பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.

சித்திரை வெயில். இன்னும் முழுசாக நிமிர வரவில்லை. தறிச் சத்தம் தெருவிலேயே காதை அடைத்தது. வாசலில் நிழல் விழுந்ததைப் பார்த்துத் திரும்பிய புவனா ஒவ்வொரு தறியாகப் போய் நிறுத்தினாள். அந்த வீட்டில் அப்படி ஒரு நிசப்தத்தைப் பிரபாவதி கேட்டதே இல்லை. மெலிந்திருந்தாள் புவனா. கிட்டே வராமல் தறியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"வெட்டிட்டாங்களா?" என்றாள். குரலே எழும்பவில்லை.

"இல்ல அண்ணி. தப்பிச்சிகிச்சு." பிரபாவதி நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னிக்கி நீங்க கேட்டப்ப எனக்குச் சூடு தெரியல. அங்க எதுவுமே தெரியாது. உங்க கை பட்டா தெரியாது, தண்ணி ஊத்தினா தெரியாது. தெரியாதுன்னு டாக்டர் முன்னாடியே சொன்னாங்க. சூடு வைக்கக்கூடாதுன்னும் சொன்னாங்க. நான்தான் தெரியுதுன்னு உங்களுக்குப் பொய் சொன்னேன்."

புவனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய கோபம்தான்.

"இத்தினி நாளா நான் கையைப் பாத்துகினு கிடக்குறேன். ஏன் சொல்லல நீ?"

"சொன்னா, அப்புறம் எதுக்கு இதுன்னு கேட்டிருப்பீங்க."

புவனா யோசித்தாள்.

"ஆங். கேட்டிருப்பேன்," என்றாள்.

பிரபாவதிக்கு எதுவும் மிச்சமில்லாதது போல இருந்தது. இனி இந்த உடம்பைப் பற்றி யாரிடமும் மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்ததுதான் இத்தனை அலுப்பா என்றுகூடத் தோன்றியது.

"எங்கெங்க தெரியல, எங்கெங்க தெரியுதுன்னு பாத்தியா?" என்று கேட்டாள் புவனா.

"இல்ல."

"ஏன்?"

"பயமா இருக்குது அண்ணி. முழுசும் தெரியலன்னா?"

புவனா போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். லுங்கிக்கு அளவு குறிக்கிற நீலச் சாக்பீஸ் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கழட்டு என்றாள். பிரபாவதி கொக்கிகளை அவிழ்த்தாள். தழும்பைப் பார்த்ததும் புவனாவின் வாய் கோணிற்று, ஆனால் அவள் அழவில்லை.

"கண்ண மூடிக்கோ. பாத்துச் சொன்னா கணக்குல இல்ல."

கழுத்தெலும்பில் விரல் வைத்தாள். தெரியுது என்றாள் பிரபாவதி. விரல் கீழே இறங்கியது. தெரியுது. இன்னும் கொஞ்சம். தெரியுது. பிறகு ஒன்றும் வரவில்லை. வைத்தீர்களா என்று கேட்டாள். வைத்துவிட்டேன் என்றாள் புவனா. தெரிந்த இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள். நடு நெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒரு கோடு. கீழே தழும்புக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை, அங்கே வெகுதூரம் தள்ளி விலாவில் போய்க் கோடு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பிரபாவதி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். தெரியல, தெரியல என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. சொல்வது அவள் பயந்த அளவு கஷ்டமாக இல்லை.

கடைசியாக அக்குள் பக்கம்.

"இங்க?"

"தெரியுது."

"இங்க?"

"ம். தெரியுது."

விரல் நின்றது. பிறகு இன்னும் லேசாக, நூல் படுவதுபோலத் தொட்டுப் பார்த்தது.

"இங்கயுமா? நல்லா யோசிச்சு சொல்லு. எனக்காவச் சொல்லாத."

"தெரியுது அண்ணி. உங்க நகம் இடிக்குது."

புவனா அங்கே கோட்டை வளைத்து இழுத்தாள்.

"இது தையலுக்கு உள்ள இருக்குது, பிரபா," என்றாள்.

பிரபாவதி கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். தையல் தழும்பைத் தாண்டி, வயிற்றிலிருந்து வந்த சதையின் மேல், பிரியாவின் வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி நீலக்கோடு வளைந்து போயிருந்தது. அவ்வளவுதான், ஒரு விரல் அகலம். அவள் தன் விரலை அங்கே வைத்துப் பார்த்தாள். விரலுக்கும் தெரிந்தது, அங்கேயும் தெரிந்தது.

"அடுத்த மாசம் வா, மறுபடி போட்டுப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் புவனா எழுந்தாள். தாழ்ப்பாளை எடுத்தாள், தறிகளை ஓடவிட்டாள். அந்தச் சத்தத்தில் அவள் அழுதாளா இல்லையா என்று யாருக்குக் கேட்கும்?

அன்றைக்குச் சாயங்காலம் ஹேமநாதன் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். தப்பு என்னுது, உங்க அக்காவுக்குப் போன் போடுங்க என்றாள். அவன் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான், வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினான்.

பிரியா வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, நாளெல்லாம் பஸ்ஸில் போய் வந்து வேர்த்து ஊற்றியிருக்கிறதே, குளிக்கவில்லையா என்று கேட்டாள்.

"இன்னிக்கி வேணாம்," என்றாள் பிரபாவதி. "கோடு அழிஞ்சிடும்."